சந்தோஷ் கோப்பையின் முதல் பத்து ஃபைனல்கள்: மெட்ராஸ் எங்கே போனது?

பந்தடி பாலு:

2024 டிசம்பர் 31 ராத்திரி ஊரே புத்தாண்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் ஹைதராபாத்தில் நடந்த சந்தோஷ் கோப்பை (மாநிலங்களுக்கு இடையிலான கால்பந்துப் போட்டி) ஃபைனலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வங்காளம் 1, கேரளம் 0. கடைசி நேர கோல். வங்காளத்துக்கு இது 33-வது கோப்பை.

பையன் கேட்டான், "நம்ம ஸ்டேட் எத்தனை தடவை ஜெயிச்சிருக்கு?" ஒரு தடவைகூட இல்லை என்றேன். "அப்புறம் ஏன் பார்க்கிறே?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் பழைய முடிவுகளைத் தோண்ட ஆரம்பித்தேன். 1941-ல் தொடங்கிய போட்டி. மாகாணங்கள், சமஸ்தானங்கள் என்று இந்தியா துண்டு துண்டாக இருந்த காலம். முதல் பத்து ஃபைனல்களில் வங்காளம், டெல்லி, பம்பாய், மைசூர், ஹைதராபாத் என்று ஐந்தே பெயர்கள். மெட்ராஸ் மாகாணம் அவ்வளவு பெரியது, துறைமுகம், பட்டாளம், ரயில்வே, மில் எல்லாம் இருந்த இடம். ஒரு ஃபைனலுக்குக்கூட ஏன் வரவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கடலோரம்:

பேர் மட்டும் சந்தோஷ். நமக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

(சின்ன வயதில் சந்தோஷ் என்று யாரோ ஒரு பெரிய ஆட்டக்காரர் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

---

கொல்கத்தா குமரன்:

ஆட்டக்காரர் இல்லை நண்பரே, ஊர். கிழக்கு வங்காளத்தில் டாங்காயில் பக்கம் சந்தோஷ் என்று ஒரு ஜமீன். அதன் மகாராஜா சர் மன்மதநாத் ராய் சௌத்ரி, கல்கத்தாவின் ஐ.எஃப்.ஏ. (இந்தியன் ஃபுட்பால் அசோசியேஷன்) சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். 1939-ல் இறந்துபோனார். அவர் நினைவாக ஐ.எஃப்.ஏ. செய்து கொடுத்த கோப்பைதான் இது. 1947-க்கு அப்புறம் அந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, இப்போது வங்கதேசம். இந்தியாவின் மாநிலங்கள் இத்தனை வருடமாக இன்னொரு நாட்டிலுள்ள ஊர்ப் பெயரில் இருக்கும் கோப்பைக்காக மோதிக்கொண்டிருக்கின்றன. இங்கே கொல்கத்தாவில் பலருக்கே இது தெரியாது.

பாலு கேட்ட கேள்விக்கு முன்னால் ஒரு பின்னணி. டியூரண்ட் 1888, ரோவர்ஸ் 1891, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு 1893. இவை மூன்றுமே ரெஜிமெண்டுகளுக்கும் கிளப்புகளுக்குமான போட்டிகள். மாகாணத்துக்கு மாகாணம் மோத முறையான ஏற்பாடு இல்லை. காரணம், எல்லோருக்கும் பொதுவான சங்கமே இல்லை. ஐ.எஃப்.ஏ. பெயரில் 'இந்தியன்' என்று இருந்தாலும் அது கல்கத்தா சங்கம்தான். மற்ற மாகாணத்தார் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பல வருட இழுபறிக்குப் பிறகு 1937 ஜூனில் சிம்லாவில், ராணுவத் தலைமையகத்தில் கூடி அகில இந்தியச் சம்மேளனத்தை உண்டாக்கினார்கள். நான்கு வருடத்தில் இந்தக் கோப்பை.

சண்டையில் இறங்கிவந்த கல்கத்தாவே கோப்பையையும் கொடுத்தது என்பதைக் கவனியுங்கள். கொடுத்துவிட்டு முதல் வருடமே டெல்லியை 5-1 என்று அடித்து வீட்டுக்கே திரும்ப எடுத்துக்கொண்டது என்பது வேறு விஷயம்.

---

கணக்கு வாத்தியார்:

முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரு விஷயம் கண்ணில் பட்டது.

1941 கல்கத்தாவில் வங்காளம். 1944 டெல்லியில் டெல்லி, 2-0. 1945 பம்பாயில் வங்காளம். 1946 பெங்களூரில் மைசூர். 1947, 1949, 1950 மூன்றும் கல்கத்தாவில், மூன்றும் வங்காளத்துக்கு. 1951 மறுபடி பம்பாயில் வங்காளம். 1952 பெங்களூரில் மைசூர். 1953 கல்கத்தாவில் வங்காளம்.

பத்தில் எட்டு முறை போட்டி நடந்த ஊர்க்காரனே ஜெயித்திருக்கிறான். சொந்த ஊரில் நடத்தியும் கோட்டைவிட்டது பம்பாய் மட்டும், அதுவும் இரண்டு தடவை. ஆக இது மாகாணங்களின் பலத்தை அளந்த போட்டி என்று சொல்வதைவிட, யார் நடத்தினார்கள் என்று அளந்த போட்டி என்று சொல்லலாம். மெட்ராஸ் அந்தப் பத்தில் ஒன்றைக்கூட நடத்தவில்லை. பாலுவின் கேள்விக்கு என் பதில் இதுதான்.

---

கொல்கத்தா குமரன்:

> பத்தில் எட்டு முறை போட்டி நடந்த ஊர்க்காரனே ஜெயித்திருக்கிறான்.

வாத்தியாரே, கணக்கு சரி. ஆனால் அந்த எட்டில் ஐந்து, கல்கத்தாவில் வங்காளம் ஜெயித்தது. வங்காளம் எங்கே ஆடினாலும் ஜெயிக்கக்கூடிய அணி. அதைச் சொந்த ஊர்ச் சலுகையில் சேர்த்தால் எப்படி? உங்கள் பட்டியலிலேயே இன்னொன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டீர்கள். அந்தப் பத்து ஃபைனலிலும் வங்காளம் இருந்தது. பத்துக்குப் பத்து. ஏழு வெற்றி, மூன்று தோல்வி.

நாக்-அவுட்டில் பத்து முறை தொடர்ந்து ஃபைனலுக்கு வருவது என்றால் சும்மாவா? லீக் என்றால் ஒரு நாள் சறுக்கினால் மறுநாள் சரிசெய்யலாம். இதில் ஒரு கெட்ட மதியம் போதும், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

---

கணக்கு வாத்தியார்:

ஒப்புக்கொள்கிறேன், அதைக் கவனிக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதையே கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அந்த மூன்று தோல்வி எங்கே நடந்தது? டெல்லியில் டெல்லியிடம். பெங்களூரில் மைசூரிடம் இரண்டு. மூன்றுமே எதிராளியின் சொந்த மைதானம்.

சரி, இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். முதல் பத்தில் வங்காளத்தைக் கவிழ்க்க ஒரே வழிதான் இருந்தது: அவர்களை உன் ஊருக்கு வரவழைக்க வேண்டும். அதுவும் போதாது, பம்பாய் வரவழைத்துப் பார்த்துத் தோற்றது. ஆனால் வரவழைக்காமல் யாரும் ஜெயிக்கவில்லை.

---

அல்சூர் ஆறுமுகம்:

தம்பிகளா, பெங்களூர் பேச்சு வந்ததால் நானும் உள்ளே வருகிறேன். எனக்கு வயது எழுபத்து மூன்று. நான் சொல்வதில் பாதி அப்பா சொல்லிக் கேட்டது.

1946 ஃபைனல் ஒரே நாளில் முடியவில்லை. முதல் நாள் 0-0. பெனால்டி ஷூட்-அவுட் எல்லாம் 1970-க்கு அப்புறம் விதிப்புத்தகத்தில் வந்தது. அன்று சமன் என்றால் இன்னொரு நாள் மறுபடி ஆட வேண்டும். மறு ஆட்டத்தில் மைசூர் 2-1. இந்த மறு ஆட்ட விஷயத்தை இப்போதைய பிள்ளைகள் யோசிப்பதில்லை. ரயிலில் பல நாள் பயணம் செய்து வந்த அணி, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த ஆட்கள், இன்னும் இரண்டு நாள் தங்கு என்றால் யாருக்குக் கஷ்டம்? வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்கு நடந்து வருகிறவனுக்கா, சத்திரத்தில் தங்கியிருக்கிறவனுக்கா? வாத்தியார் சொல்லும் சொந்த ஊர்ச் சலுகையில் பாதி இதுதான். 1947-லும் 1953-லும் கல்கத்தாவில் இதே கதை: முதல் நாள் 0-0, மறு ஆட்டத்தில் வங்காளம். பம்பாயை 1-0, எங்களை 3-1.

இப்போது பாலு தம்பியின் கேள்வி. மெட்ராஸ் எங்கே என்று கேட்கிறீர்கள். நான் ஒரு கேள்வி கேட்கிறேன். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ் அணியில் இருந்த பெயர்களைப் படித்துப் பாருங்கள். சாரங்கபாணி ராமன். தன்ராஜ். வஜ்ரவேலு. கோல்கீப்பர் வரதராஜ். ஃபிரான்சுக்கு எதிராக 2-1 என்று தோற்ற ஆட்டத்தில் இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல். எங்கள் பெங்களூர் ஆள். அப்புறம் 1952 ஹெல்சிங்கிக்குப் போன டி. சண்முகம். அந்த 'டி' என்ன தெரியுமா? துலுக்காணம். துலுக்காணத்தம்மன் கோயில் இருக்கிற ஊர்ப்பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அது எந்தச் சீமைப் பெயர் என்று.

பெங்களூர் தண்டுப்பகுதி, நாங்கள் கண்டோன்மெண்ட் என்போம், 1947 வரைக்கும் வெள்ளைக்காரன் கையில் இருந்தது. பட்டாளத்துக்கு வேலை செய்ய ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அல்சூர், கௌதமபுரம் தெருக்களில் பையன்கள் சோல்ஜர் ஆடுவதைப் பார்த்து வெறுங்காலில் ஆடக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பையன்கள்தான் 'மைசூர்' என்று சட்டை போட்டுக்கொண்டு கல்கத்தாக்காரனை மடக்கினார்கள். மெட்ராஸ் வரவில்லை, சரி. நாங்கள் வந்தோமே.

---

வியாசர்பாடி விங்கர்:

ஐயா, படிக்கப் படிக்கப் புல்லரிக்கிறது. நான் எங்கள் ஏரியா டர்ஃபில் வாரம் மூன்று நாள் ஆடுகிறவன். இந்தப் பெயர்களில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது, வெட்கமாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். அந்த ஆட்களெல்லாம் உண்மையிலேயே வெறுங்காலில்தான் ஆடினார்களா? ஃபைனலிலேயேவா?

---

அல்சூர் ஆறுமுகம்:

ஆமாம் தம்பி. 1948 லண்டனிலேயே பெரும்பாலானவர்கள் வெறுங்கால்தான். சிலர் காலில் கட்டுத்துணி சுற்றிக்கொள்வார்கள். காய்ந்த தரையில் வெறுங்காலுக்கு ஒரு லாவகம் இருக்கும், பந்து விரலோடு பேசும். மழை பெய்து சேறானால் கதை கந்தல். ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியா 10-1 என்று அடித்த பிறகுதான் சம்மேளனம் விழித்துக்கொண்டு பூட்ஸ் கட்டாயம் என்றது.

---

கடலோரம்:

ஆறுமுகம் ஐயா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் ஒரு சின்னத் தடை. பெயரை மட்டும் வைத்து இவர் தமிழர், அவர் தமிழர் என்று முத்திரை குத்த வேண்டாமே. அல்சூர் பக்கம் தமிழ், தெலுங்கு, உருது, கன்னடம் எல்லாம் ஒரே தெருவில் இருக்கும். 'மைசூர்' அணியின் பெரிய பெயர்களில் அகமது கானும் ஒருவர். அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

---

அல்சூர் ஆறுமுகம்:

நல்ல கேள்வி. எங்கள் தெருக் கணக்கில். அதில் எல்லோரும் உண்டு.

---

கொல்கத்தா குமரன்:

அகமது கான் பெயர் வந்ததால் எங்கள் பக்கத்துக் கதையும் சொல்லிவிடுகிறேன். இது வங்காளத்தின் பெருமையா சிறுமையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நாற்பதுகளின் கடைசியில் ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் முன்வரிசையை 'பஞ்ச பாண்டவர்' என்பார்கள். ஐந்து பேர்: அகமது கான், வெங்கடேஷ், தன்ராஜ், அப்பாராவ், சாலே. முதல் மூவரும் பெங்களூர், அப்பாராவ் ஆந்திரம், சாலே கேரளம். ஐந்து பாண்டவரில் ஒரு வங்காளி இல்லை! அஸ்தினாபுரம் கல்கத்தா, ஆட்கள் தெற்கு. இன்றைக்கும் பழைய ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் இவர்கள் பெயரைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார்கள்.

கல்கத்தா கிளப்புகள் வேலையும் பணமும் கொடுத்து ஆட்களை இழுத்தன. இழுத்த ஆள் வங்காளச் சங்கத்தில் பதிவானால் வங்காளத்தின் ஆள். எனவே வாத்தியார் சொன்ன அந்தப் பத்து ஃபைனல் கணக்கில், 'வங்காளம்' என்று எழுதியிருக்கும் இடத்தில் 'கல்கத்தா லீக்' என்று படித்தால்தான் சரியாக இருக்கும். நான் கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சைலன் மன்னா மாதிரி இந்த மண்ணிலேயே விளைந்தவர்களும் நிறையப் பேர். ஆனால் மாகாணப் போட்டி என்ற பெயரில் நடந்தது உண்மையில் கல்கத்தாவின் கிளப் சந்தைக்கும் மற்ற ஊர்களுக்குமான போட்டி.

---

கணக்கு வாத்தியார்:

அப்படியானால் ஹைதராபாதை எங்கே வைப்பீர்கள்? 1949-ல் வங்காளத்திடம் 5-0. அடுத்த வருடமே 1-0. ஒரே வருடத்தில் ஐந்து கோல் வித்தியாசம் ஒன்றாகக் குறைந்தது. அந்த 1950-லிருந்து 1954 வரை ஹைதராபாத் சிட்டி போலீஸ் தொடர்ந்து ஐந்து ரோவர்ஸ் கோப்பை அடித்தது. பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். 1956-லும் 1957-லும் சந்தோஷ் கோப்பை ஹைதராபாதுக்கு, இரண்டு முறையும் பாவம் பம்பாயைத் தோற்கடித்து. அதே 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் இந்தியா நான்காவது இடம், பயிற்சியாளர் அதே ரஹீம்.

அவர்கள் ஆளை விலைக்கு வாங்கவில்லை. உள்ளூர் ஆளைப் போலீஸ் வேலையில் சேர்த்து, ஒரே ஆசிரியரிடம் வருடக்கணக்கில் விட்டுவைத்தார்கள். பணம் இல்லாத ஊருக்கு அது ஒரு வழி. மெட்ராசுக்கும் அந்த வழி திறந்துதான் இருந்தது என்பது என் வருத்தம்.

---

பந்தடி பாலு:

இப்போது என் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. ஜெயிக்க வேண்டுமானால் ஒன்று கல்கத்தா மாதிரி பணம் வேண்டும், இல்லை ஹைதராபாத் மாதிரி ஓர் ஆசிரியர் வேண்டும், இல்லை போட்டியை உன் ஊரில் நடத்தி வங்காளத்தை வரவழைக்க வேண்டும். மூன்றாவதை மெட்ராஸ் செய்ததே! 1954.

அந்த வருடம்தான் வங்காளம் முதல் தடவையாக ஃபைனலுக்கு வரவில்லை. கதவு அகலத் திறந்து கிடந்தது. ஃபைனல் யாருக்கும் யாருக்கும்? பம்பாய் 2, சர்வீசஸ் (பட்டாளத்து அணி) 1. பம்பாய்க்குச் சொந்த ஊரில் கிடைக்காத கோப்பை நம் ஊரில் கிடைத்தது. நாம் அவர்களுக்குப் பந்தல் போட்டுக் கல்யாணம் நடத்திக்கொடுத்திருக்கிறோம்.

அதோடு முடிந்ததா? 1958-ல் மறுபடி மெட்ராசில்: வங்காளம் 1, சர்வீசஸ் 0. 1963-ல்: மகாராஷ்டிரா 1, ஆந்திரம் 0. 1971-ல்: வங்காளம் 4, ரயில்வே 1. 1971 வரைக்கும் நான்கு தடவை இலை போட்டோம், ஒரு தடவைகூடப் பந்தியில் உட்காரவில்லை. முதல் பத்தில் நடத்தியவன் எட்டு தடவை ஜெயித்தான் என்று வாத்தியார் கண்டுபிடித்த விதி நம் ஊர் எல்லையில் வந்து செத்துவிட்டது.

---

பெரம்பூர் பெரியவர்:

பல நாளாக எட்டிப் பார்ப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாலு, நீங்கள் சொன்ன ஃபைனல்களில் எதிர்ப்பக்கம் யார் என்று பாருங்கள். 1954 சர்வீசஸ். 1958 சர்வீசஸ். 1971 ரயில்வே. உங்கள் பதில் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் பகுதியில் நன்றாகப் பந்து ஆடுகிற பையனுக்கு அன்று வீட்டில் என்ன சொல்வார்கள்? "ஆடு, ஆடினால் ரயில்வேயில் எடுப்பான்." இல்லையென்றால் பட்டாளம். அந்த வேலை கிடைத்த மறுநாளிலிருந்து அவன் ஆடும் சட்டை மாறிவிடும். ரயில்வேக்குத் தனி அணி, பட்டாளத்துக்குத் தனி அணி. மாகாணத்துக்கு மிச்சம்தான். ரயில்வே 1961, 1964, 1966 என்று மூன்று தடவை கோப்பையை எடுத்தது. கல்கத்தாவில் கிளப் சம்பளம் கொடுத்தது, அதனால் ஆள் மாகாணத்தோடு இருந்தான். நம் பக்கம் சம்பளம் கொடுத்தது மத்திய அரசு, ஆளும் அதோடு போனான்.

பட்டாளத்துக்கு ஓர் உதாரணம். ஊட்டிக்குக் கீழே வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர். அந்த அணி 1955-லும் 1958-லும் டியூரண்ட் கோப்பையை வென்றது. நீலகிரியில் இருந்துகொண்டு இந்தியாவின் பழைய கோப்பையை இரண்டு தடவை! அதன் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாதில் பிறந்தவர், ஆடியது பட்டாளத்துக்கு. 1960-ல் கோழிக்கோட்டில் சர்வீசஸ் முதல் தடவையாகச் சந்தோஷ் கோப்பையை எடுத்தபோது அந்த அணியில் இருந்தவர். எதிராளி வங்காளம், முதல் நாள் 0-0, மறு ஆட்டம் 1-0. அந்த ஊரில் நடந்திருந்தாலும் அது கேரளத்தின் வெற்றி இல்லை, வெலிங்டனில் இருந்தாலும் அது நம் வெற்றி இல்லை. பட்டாளக்காரனுக்கு ஊர் ஏது?

---

வியாசர்பாடி விங்கர்:

பெரியவர் சொல்வது இன்றைக்கும் அப்படியேதான். என் கூட ஆடியவன் ஒருவன் வேலை கிடைத்துப் போனதும் மாநில செலக்‌ஷனுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டான். எதற்கு வர வேண்டும், சோறு அங்கேதானே இருக்கிறது.

---

கடலோரம்:

எல்லாம் சரி, ஆனால் கேரளத்துப் பையனும்தான் ரயில்வேக்கும் பட்டாளத்துக்கும் போனான். அவர்கள் 1973-ல் எடுத்துவிட்டார்களே. எர்ணாகுளத்தில், ரயில்வேயையே 3-2 என்று. மூன்று கோலும் கேப்டன் மணி. அந்த அணிக்குப் பயிற்சியாளர் யார்? 1960 ரோம் ஒலிம்பிக்ஸ் அணியில் இருந்த சைமன் சுந்தரராஜ்.

ரயில்வேயை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. சொந்த ஊர், நல்ல பயிற்சியாளர், ஒரு நாள் வெறியோடு ஆடும் ஒரு மணி. மூன்றும் ஒரே வருடத்தில் சேர வேண்டும். நமக்குச் சேரவில்லை.

---

பெரம்பூர் பெரியவர்:

அதை மறுக்க மாட்டேன். அங்கே மைதானத்துக்கு வந்த கூட்டம் வேறு மாதிரி. இங்கே அந்த நேரத்தில் ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது.

---

கணக்கு வாத்தியார்:

மைசூர் கணக்கை முடித்துவிடுகிறேன், ஆறுமுகம் ஐயாவுக்காக. வங்காளத்தை ஃபைனலில் மூன்று தடவை மைசூர் தோற்கடித்திருக்கிறது: 1946, 1952, 1968. மூன்றும் பெங்களூர். வெளியூரில் எடுத்தது 1967-ல் கட்டாக்கில், சர்வீசஸை 1-0. 1968-க்கு அப்புறம் 2023 வரை ஒன்றும் இல்லை. 2023-ல் கர்நாடகா மேகாலயாவை 3-2 என்று வென்றது. எங்கே தெரியுமா? ரியாத்தில். சவுதி அரேபியாவில் கொண்டுபோய் ஃபைனலை வைத்தார்கள். இரண்டு அணிக்கும் சொந்த ஊர் இல்லை. என் விதிக்கு அங்கே வேலையே இல்லை.

டெல்லிக்கு 1944-ல் எடுத்த அந்த ஒன்றோடு சரி, இதுவரை வேறு கிடையாது. தலைநகரம் என்று பெயர்.

---

அல்சூர் ஆறுமுகம்:

2023 வெற்றியைப் பார்த்து எங்கள் தெருவில் நான்கு கிழவர்கள் மட்டும் பட்டாசு வெடித்தோம். பேரன்கள் எதற்கு என்று கேட்டார்கள்.

பாலு தம்பி, உங்கள் பையன் கேட்ட கேள்விக்கு ஒரு சின்னப் பதில் என்னிடம் இருக்கிறது. மூன்றாவது இடம் பிடித்த அணிக்கு ஒரு கோப்பை கொடுப்பார்கள், சம்பங்கி கோப்பை என்று பெயர். 1952-ல் பெங்களூரில் போட்டி நடந்தபோது மைசூர் சங்கம் கொடுத்தது. சம்பங்கி இங்கே பேர்போன ஆட்டக்காரர், இறந்துபோனவர், அவர் நினைவாக. வென்றவனுக்கு ஒரு மகாராஜா பெயரில் கோப்பை, மூன்றாவதாக வந்தவனுக்கு ஓர் ஆட்டக்காரன் பெயரில் கோப்பை. எனக்கு ஆட்டக்காரன் பெயரில் இருப்பதுதான் பிடிக்கும்.

தமிழ்நாடு ஃபைனலுக்கு வந்தே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1972-ல் கோவாவில் வந்தது, வங்காளம் 4-1. 2012-ல் ஒடிசாவில் வந்தது, சர்வீசஸ் 3-2.

---

பந்தடி பாலு:

2012-லும் சர்வீசஸா! பெரியவரே, பார்த்தீர்களா?

---

பெரம்பூர் பெரியவர்:

பார்த்தேன். அந்த சர்வீசஸ் அணியில் நம் ஊர்ப் பையன் எத்தனை பேர் என்று எண்ணக்கூடாது என்று முடிவு செய்து டிவியை அணைத்துவிட்டேன்.